வௌவாலுக்கு வார்த்த ஓடு

“…ரயிலுக்குத் தெரியுமா, சூளை இன்னும் ஆறலைன்னு? அது அதோட நேரத்துக்குப் போவும். சூளை அதோட நேரத்துக்குத்தான் ஆறும். ரெண்டுக்கும் நடுவுல நிக்கவச்சு என்னைத் தொறன்னு சொன்னா எப்படிம்மா? நான் தொறக்க மாட்டேன்.”

இப்படிச் சொன்னவர் செல்வராசு, எங்கள் பீங்கான் யூனிட்டின் சூளைக்காரர். கேட்டுக்கொண்டு நின்றவள் சௌமியா. தோளில் பை, வாசலில் ஆட்டோ, இன்னும் கொஞ்ச நேரத்தில் ஜங்ஷனில் சென்னை ரயில். அவள் வெளிநாட்டுக்குக் கையோடு எடுத்துப்போக வேண்டிய ஓடுகள் அந்தச் சூளைக்குள் இருந்தன. பக்கத்தில் நானும் நின்றேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளே, இந்தப் பேச்சை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். வேலைக்கு வந்த முதல் வாரமே யாராவது உங்களைச் சூளைப் பக்கம் கூட்டிப்போய், “செல்வராசு அன்னிக்கு செவுரு மாதிரி நின்னாரு” என்று சொல்லியிருப்பார்கள். நன்றாகத்தான் சொல்கிறார்கள். அதில் என் பெயர் வருவதில்லை, அவ்வளவுதான். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கேட்டபோது, வேறு எதை எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை.

என் பெயர் விஜயா. அச்சுப் பிரிவில் இருந்தேன். படிப்பு அதிகம் இல்லை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். களிமண்ணைக் கரைப்பது, அச்சில் ஊற்றுவது, பிரிப்பது, இதையெல்லாம் உங்கள் மேஸ்திரி சொல்லித் தருவார். அவர் சொல்லித் தராத ஒன்றை நான் சொல்கிறேன். ஒரு பொருள் சூளைக்குள் போகும்வரை அது உங்கள் பிள்ளை. வெளியே வரும்போது அது சூளைக்காரர் பிள்ளை. வியாபாரி வந்தாலும், காலேஜ் பிள்ளைகள் வந்தாலும், சூளைக் கதவு திறக்கிற நேரம் பார்த்துத்தான் வருவார்கள். அச்சைப் பிரிக்கிற இடத்தில் நின்று யாரும் போட்டோ எடுத்து நான் பார்த்ததில்லை. ஈரமாக இருக்கும்போது எந்தப் பொருளும் அழகில்லை. வெந்து, பளபளவென்று வெளியே வரும்போது யார் கை அதன்மேல் இருக்கிறதோ, அவர் கைதான் கை.

செல்வராசுவும் நானும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள். என்னைவிட அவர்தான் மூத்தவர். ஆனாலும் என்னை “யக்கா” என்பார். அதுவும் எனக்குப் பிடிக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு மனிதர்களின் பேச்சு பிடிக்கும். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால், பாலக்கரையில் இறங்க வேண்டியவள் அதைத் தாண்டிப் போய் இறங்கி நடந்து வருவேன். நம் மாவட்டத்து மங்களூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண் தன் மாமியாரைப் பற்றி, “அவங்க கோவம் எங்க ஊரு கரண்டு மாதிரிக்கா, போயிட்டுப் போயிட்டு வரும்” என்றாள். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இப்படி வார்த்தைக்கு அலைகிறவள் நான். வாய் ஓயாமல் பேசுகிறவளும் நான்தான். ஆனால் நான் சொன்ன ஒரு வார்த்தையை இன்னொருவர் திருப்பிச் சொல்லி நான் கேட்டதில்லை. செல்வராசு நாளெல்லாம் வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் அதை யூனிட்டே சொல்லித் திரியும். எத்தனை வருஷம் இதைப் பொறுப்பது, நீங்களே சொல்லுங்கள்.

இப்போது சௌமியா. என் ஒன்றுவிட்ட தம்பியின் மகள். சேத்தியாத்தோப்புப் பக்கம் நெல் விவசாயம் செய்கிற குடும்பம். பதினொன்றும் பன்னிரண்டும் விருத்தாசலத்தில் என் வீட்டில் தங்கித்தான் படித்தாள். என் கையால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை என்று நான் சொன்னால் அதில் பொய்யில்லை. பிறகு விலங்கியல் படித்து, மேலே படித்து, பனி கொட்டுகிற ஒரு நாட்டுக்குப் போனாள். அங்கே குகைகளில் தூங்குகிற வௌவால்களுக்கு வருகிற ஒரு நோயைப் பற்றி ஆராய்ச்சி.

பொங்கலுக்குச் சில மாதம் முன்பு போன் செய்தாள். “அத்தை, எனக்கு ஓடு வேணும். வௌவால் அடியில தொங்குற மாதிரி, உள்ள கம்பி வச்சு சூடு பண்ற மாதிரி. உங்களால முடியுமா? பொங்கலுக்கு வரும்போது பாக்கறேன்.” அவ்வளவுதான் சொன்னாள். மீதியை நாங்கள் கேட்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் செய்கிற தப்பு இதுதான். களிமண் பச்சையாக இருந்தால் நெருப்பு. விரிசல் வந்தால் இன்னும் கொஞ்சம் நெருப்பு. நிறம் சரியில்லையா, அதற்கும் நெருப்பு. விருத்தாசலத்துக்காரனிடம் போய் ஒரு ஜீவன் குளிரில் கிடக்கிறது என்று சொன்னால் அவனுக்கு என்ன தோன்றும்?

பழமலைநாதர் கோயில் கோபுரத்திலிருந்து சாயங்காலம் கிளம்புகிற வௌவால்களைத்தான் எனக்குத் தெரியும். நம் வெயிலில் வாழ்கிற அந்த உயிரைப் பனிக் குகைக்குள் நினைத்துப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. குளிர்காலம் முழுக்கச் சூடு தாங்குகிற மாதிரி, கனமான இரட்டைச் சுவரில் ஓர் ஓடு வார்த்தேன். அதைக் கேள்விப்பட்ட செல்வராசு, மண்ணோடு எதையோ கலந்து தன் பங்குக்கு ஒன்று செய்தார். யாருடைய ஓடு அதிக நேரம் சூடு பிடிக்கிறது என்று கேன்டீனில் பந்தயமே நடந்தது. நான் என்னுடையதைத் துணியில் பொதிந்து வைத்திருந்தேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, “பொத்தி வச்சா வடை கூடத்தான் சூடா இருக்கும் யக்கா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சிரிக்கவில்லை.

பொங்கல் முடிந்து சௌமியா யூனிட்டுக்கு வந்தாள். இரண்டு ஓடுகளையும் சூடேற்றி அவள் முன்னால் வைத்தோம். தொட்டுப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. “அத்தை, இதுல எதை எங்க குகையில வச்சாலும் நோய்க்குத்தான் கொண்டாட்டம்” என்றாள்.

அதற்கப்புறம் அவள் சொன்னதை முடிந்தவரை அப்படியே சொல்கிறேன். உங்களுக்கு இது தேவைப்படும்.

அந்த நாட்டில் குளிர் வந்தால் பூச்சி இருக்காது. பூச்சி இல்லையென்றால் வௌவாலுக்குச் சாப்பாடு இல்லை. அதனால் கோடையில் தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, குகைக்குள் போய்த் தலைகீழாகத் தொங்கி உறங்கிவிடும். இது நாம் தூங்குகிற தூக்கம் இல்லை. பறக்கும்போது நம்மைப் போலக் கொதிக்கிற அந்த உடம்பு, குகை எவ்வளவு குளிரோ கிட்டத்தட்ட அவ்வளவுக்கு இறங்கிவிடும். நெஞ்சு எப்போதோ ஒருமுறை துடிக்கும். உடம்பைக் காக்கிற சக்தியும் கூடவே உறங்கிவிடும். அந்த நேரம் பார்த்து ஒரு பூஞ்சை மூக்கிலும் சிறகிலும் வெள்ளையாகப் பூக்கும். அது குளிருக்குப் பழகிய பூஞ்சை. இருபது டிகிரியைத் தாண்டினால் அதனால் வளர முடியாது. விழித்துத் திரிகிற வௌவாலின் சூட்டில் அது பிழைக்காது. உறங்குகிற வௌவாலின்மேல்தான் அதன் வாழ்வு.

“அப்ப குளிருதான் எதிரி. சூடு குடுத்துடலாமே?” என்றேன் நான். நம் புத்தி அப்படித்தான் போகும்.

இல்லை என்றாள். குகைக்குள் எல்லா இடமும் ஒரே குளிர் இல்லை. சில இடம் உறைபனிக்குக் கொஞ்சம்தான் மேலே. சில இடம் பத்து, பன்னிரண்டு டிகிரி. அந்த வெதுவெதுப்பான இடத்தில் தொங்குகிற வௌவால்மேல் பூஞ்சை வேகமாகப் படர்கிறது. கடுங்குளிரான மூலையில் தொங்குவதன்மேல் மெதுவாகத்தான் படர்கிறது. அதனால் கடுங்குளிரில் உறங்குகிறவைதான் அதிகம் பிழைக்கின்றனவாம். அவளுடைய ஆட்கள் சில குகைகளில் காற்றை உள்ளே விட்டு, இன்னும் குளிர வைக்க முடியுமா என்றே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

“பூஞ்சை நேரா கொல்றதில்ல அத்தை. எழுப்பி விட்டுடுது. அதுதான் கொல்லுது.”

சிறகு புண்ணாகி, உடம்பில் நீர் வற்றி, வௌவால் நடுக் குளிர்காலத்தில் திரும்பத் திரும்ப விழிக்கும். விழிப்பது என்றால் அதற்குச் சும்மா இல்லை. ஆறிக் கிடக்கிற சூளையை முதலிலிருந்து ஏற்றுவது மாதிரி, உடம்பு முழுவதையும் அது சூடேற்ற வேண்டும். விறகு அதன் கொழுப்புதான். தேவைக்கு மேல் சில தடவை விழித்தால் கொழுப்பு தீர்ந்துபோகும். வெளியே பனி. பூச்சி இல்லை. பசியில் பறந்துபோய்ப் பனியில் விழுந்து சாகும். குகை வாசலில் அப்படிக் கிடப்பவற்றைப் பொறுக்குவதுதான் அவளுடைய முதல் வருஷ வேலையாம். அதைச் சொல்லும்போது அவள் கையைப் பார்த்துக்கொண்டாள்.

செல்வராசு துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்ப அது சாவுறது குளிர்ல இல்ல, சூட்லயும் இல்ல. ரெண்டுங்கெட்டான் வெதுவெதுப்புல” என்றார்.

சௌமியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “மாமா, இதை நான் அங்க போயி எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்.”

மாமா. காலையில்தான் சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னை அத்தை என்கிறவள் அவரை மாமா என்றால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. கேன்டீனில் அந்த வாரம் முழுக்க அதுதான் பேச்சு. செல்வராசுவின் வீட்டுக்காரம்மாவே என்னைக் கடைத்தெருவில் பார்த்து, “இன்னா, சம்மந்தமெல்லாம் மாறிப்போச்சாமே” என்று சிரித்தார். எனக்குச் சங்கடம் அதில் இல்லை. செல்வராசு சொன்ன அந்த ரெண்டுங்கெட்டான் வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு நிமிஷம் முந்தியிருந்தால் அதை நான் சொல்லியிருப்பேன்.

சரி, அவளுக்கு வேண்டியது என்ன? வசந்தத்துக்கான ஓடு. குளிர்காலத்தைத் தாண்டிப் பிழைத்த வௌவால்கள் புண்பட்ட சிறகோடு வெளியே வரும். அந்த நேரத்தில் நல்ல சூடான ஓர் இடம் கிடைத்தால், உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளத் தன் கொழுப்பைச் செலவழிக்காமல் புண்ணை ஆற்றிக்கொள்ளும். அதனால் ஓடு குளிர்காலத்தில் குகையைப் போலச் சில்லென்று இருக்க வேண்டும். வசந்தம் வந்து கம்பியில் மின்சாரம் விட்டதும் சட்டென்று சுட வேண்டும். இரண்டுக்கும் நடுவே நிற்கவே கூடாது. எங்கள் இருவருடைய கனத்த ஓடுகளும் நடுவில் நிற்பதற்கென்றே செய்த மாதிரி இருந்தன.

இந்த இடத்தில் நான் முந்திக்கொண்டேன். மெல்லிய சுவர், உள்ளே கம்பிக்கான கூடு, அடியில் நகம் பற்றுகிற மாதிரி வரிவரியாகப் பள்ளம். அந்த வரிகளை எத்தனை ஆழம் போடுவது என்பதற்காக, அச்சின் அடியில் என் விரல் நுனிகளை மாட்டி, வௌவால் மாதிரிக் கையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். அச்சுப் பிரிவுப் பெண்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஈர ஓட்டைக் கையில் வாங்கிப் பார்த்த சௌமியா, “இதான் அத்தை. இதேதான்” என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள். உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம் என்றிருந்தது. மூச்சு விடுவதற்குள், “மாமாகிட்ட காட்டிட்டு வரேன்” என்று ஓடிவிட்டாள்.

மாமா பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னாராம். இவ்வளவு மெல்லிசு, இவ்வளவு வரி, சூட்டை ஏற்றுவது சுலபம், இறக்குவதுதான் கஷ்டம்.

அது உண்மைதான். நாங்கள் சேர்ந்த புதிதில் இருந்த ஒரு மேஸ்திரியைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். யாரோ பெரிய மனிதர் பார்க்க வருகிறார் என்று, ஆறாத சூளையை மேஸ்திரியைத் திறக்க வைத்தார்கள். கதவு விலகியதும் வெளிக்காற்று உள்ளே போனது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு மெல்லிய சத்தம் வந்தது, டீக்கடையில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று இடிப்பது போல. ஒன்று, இன்னொன்று, அப்புறம் நிற்காமல். கோப்பைகள் வாய் பிளந்துகொண்டிருந்தன. மேஸ்திரி அது அடங்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார். எங்களைப் பார்த்து, “கேட்டுக்குங்க. நெருப்புல ஒண்ணும் ஒடையல. அது தூங்கப் போவும்போது எழுப்பிட்டோம்” என்றார். செல்வராசுவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கேட்டோம். அவர் ஞாபகத்திலும் அந்தச் சத்தம் இருக்கும் என்று நினைக்கிறேன். நாங்கள் ஒருபோதும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

அந்தத் தை மாதத்தில் பனி கடுமை. வார்த்த ஓடுகள் காயவே மாட்டேன் என்றன. ஈரத்தோடு சூளையில் வைக்க முடியாது. சௌமியாவின் லீவு கரைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஓடுகள் சூளைக்குள் போய், வெந்து, இறங்க ஆரம்பித்தபோது, அவள் கிளம்புகிற நாளும் வந்துவிட்டது.

அன்று பிற்பகல் சூளையின் சூடு காட்டுகிற பலகையில் எண் இருநூறுக்கு மேலேயே நின்றது. முதலாளி வெளியூரிலிருந்து போன் செய்தார். புள்ளைய வெறுங்கையோட அனுப்பிடாதீங்க, பேன் போட்டாவது ஆற வையுங்க என்றார். இந்த ஆர்டர் கிடைத்தால் மின்சார பியூஸ் கட்டையும் பொம்மையும் செய்கிற நம் யூனிட் புதிதாக ஒரு வழிக்குப் போகும் என்ற ஆசை அவருக்கு. சௌமியாவுக்கு அதைவிடப் பெரிய அவசரம். வசந்தத்துக்குள் ஓடு போய்ச் சேரவில்லையென்றால், இன்னும் ஒரு வருஷம் வௌவால்கள் செத்துக்கொண்டிருக்க, அவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பார்சலில் அனுப்பினால் எப்போது வரும், எப்படி உடைந்து வரும் என்று யாருக்குத் தெரியும்? “கொஞ்சமா தொறங்க மாமா. ஒரு விரக்கடை. காத்து மெதுவா போவட்டும்” என்றாள்.

அப்போதுதான் செல்வராசு, முதலில் சொன்னேனே, அந்த வார்த்தையைச் சொன்னார். வாசலில் இருந்தவர்கள், பொதி கட்டுகிறவர்கள், ஆட்டோக்காரர், எல்லோரும் கேட்டார்கள். கேட்டவர்கள் அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். ஊரில் உலவுகிற கதை அங்கே முடிந்துவிடுகிறது.

முடியவில்லை. அவர்கள் போனபிறகு சௌமியா என் பக்கம் திரும்பினாள். கெஞ்சினாள். சூளைக்காரர் இருக்க என்னிடம் ஏன் கெஞ்சினாள் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். “அத்தை, நீங்களாவது. ஒரே ஒரு ஓடு போதும். ஒண்ணு ஒடைஞ்சா ஒடையட்டும்” என்றாள். பிளஸ் டூ பரீட்சையன்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அதே முகம். பிள்ளைகளே, நான் இத்தனை வருஷம் ஏங்கியது இதற்குத்தான். அவரைத் தாண்டி என்னிடம் ஒருவர் வந்து கேட்க வேண்டும். நான் கொடுக்க வேண்டும். அது என் முன்னால் நின்றது. நான் சரி என்றால் போதும், ஜென்மத்துக்கும் அவளுக்கு நான்தான்.

எனக்கு அந்த டம்ளர் சத்தம் கேட்டது.

“நடுவுல எழுப்புனா என்ன ஆவும்னு நீதானே சொன்ன” என்றேன். “இதுவும் தூங்குது சௌமியா. எழுப்பாத.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையை எடுத்தாள். ஆட்டோவில் ஏறும்போது என்னிடம், “போயிட்டு வரேன்” என்றுகூடச் சொல்லவில்லை. அது எனக்கு எவ்வளவு நாள் வலித்தது என்று உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. ஆட்டோ திரும்புகிற இடத்தில் டீக்கடை இருக்கிறது. அங்கே தலையை வெளியே நீட்டி யாருக்கோ கையாட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் சூளையைத் திறந்தோம். ஓடு ஒன்றுகூட வாய் பிளக்கவில்லை. தட்டினால் கோயில் மணி மாதிரி ஒலித்தது. வழக்கம்போல எல்லோரும் சூளை வாசலில் கூடினார்கள். யாரோ போட்டோ எடுத்தார்கள். செல்வராசு துண்டைச் சரிசெய்துகொண்டு ஓட்டைப் பிடித்து நின்றார். சில நாள் கழித்து அந்த நாட்டுக்கே போகிற சௌமியாவின் தோழி ஒருத்தி கிடைத்தாள். அவள் மடியில் வைத்தே கொண்டுபோய்ச் சேர்த்தாள். வௌவால்கள் வெளியே வருவதற்கு முன்பே ஓடுகள் போய்விட்டன. நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும். போகாமல் இருந்திருந்தால் இந்தக் கதையை நீங்கள் வேறு மாதிரி கேட்டிருப்பீர்கள், அதில் என் பெயர் கட்டாயம் இருந்திருக்கும்.

வசந்தத்தில் போட்டோ வந்தது. செல்வராசுவின் போனுக்கு. கேன்டீனில் கைமாறிக் கைமாறிக் கடைசியாக என்னிடம் வந்தது. ஓட்டின் அடியில் பழுப்பாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன உருவங்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு தொங்கின. ஒன்றின் சிறகில் புண் ஆறிய தழும்பு தெரிந்தது. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நகங்கள் நான் போட்ட வரிக்குள் சரியாக இறங்கியிருந்தன. வேறு யாருக்கும் அது கண்ணில் படவில்லை. “மாமா, உங்க ஓடு” என்று கீழே எழுதியிருந்தாள். இதனால் நோய் போய்விட்டது என்றில்லை. இது ஒரு சோதனை, இன்னும் பல வருஷம் பார்க்க வேண்டும் என்று அவளே சொல்கிறாள். நம் ஊர் வௌவாலுக்கு இந்த நோய் வருமா என்று அவளிடம் கேட்டோம். இந்தச் சூட்டில் அந்தப் பூஞ்சை நிற்காது என்றாள். “நம்ம வெயிலு ஒண்ணுக்காவது ஒதவுதே” என்றார் செல்வராசு. அதையும் எல்லோரும் சொல்லித் திரிகிறார்கள்.

சௌமியா இப்போது என்னிடம் பேசுகிறாள். உடம்பு எப்படி, மாத்திரை சாப்பிட்டீர்களா என்றெல்லாம் கேட்கிறாள். ஆனால் அவரிடம் பேசுகிற மாதிரி இல்லை. கதவைத் திறக்க மறுத்தவர் அவர் என்று யூனிட் முழுக்கச் சொல்கிறது. மறுத்தவள் நான் என்று அவளுக்குத்தான் தெரியும். பாராட்டு அந்தப் பக்கம் போய்விட்டது, கோபம் இந்தப் பக்கம் வந்துவிட்டது. பொறாமைப்படாதீர்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். எனக்கே இன்னும் போகவில்லை. எதைப் பார்த்துப் படுகிறீர்களோ, அது ஒருநாள் கைக்கு வந்தால் எவ்வளவு கனம் இருக்கும் என்று மட்டும் யோசித்து வையுங்கள்.

ஏனென்றால் செல்வராசு அன்று சுவர் மாதிரி நிற்கவில்லை. “நான் தொறக்க மாட்டேன்” என்று சொல்லி முடித்தார். கூட்டம் கலைந்தது. சௌமியாவின் கண்ணிலிருந்து முதல் சொட்டு விழுந்ததை அவர் பார்த்தார். சூளைக் கதவின் திருகுகளைக் கழற்றுகிற நீள இரும்புச் சாவி, யாரையும் அவர் தொடவிட்டதில்லை, அதை ஆணியிலிருந்து எடுத்தார். சௌமியா பார்க்க என் கையில் வைத்தார். சூடாக இருந்தது.

“இந்தப் புள்ள அழுதா நான் தொறந்துடுவேன் யக்கா” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “நீங்க தொறக்க மாட்டீங்க.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் டீக்கடைக்குப் போய்விட்டார்.